டாபி விடாத ஒரு கேலியன்

ஹாரி பாட்டர் கதைகளில் வரும் வீட்டு வேலைக்கார எல்ஃப்கள் அடிமைத்தனத்தை விரும்பி ஏற்றவர்கள். இல்லாவிட்டால் எப்போதோ எதிர்த்திருப்பார்கள் என்கிறார் நண்பர். எதிர்ப்பு என்றால் கொடியும் கோஷமும்தான் என்று முடிவுகட்டிவிட்டுத் தேடினால் எதுதான் கண்ணில் படும்?

கிரீச்சர் என்ற எல்ஃபைப் பாருங்கள். எசமான் சிரியஸ் எரிச்சலில் வெளியே போகச் சொல்லிக் கத்துகிறான். அறையை விட்டுப் போகட்டும் என்பதே அவன் நினைப்பு. கிரீச்சரோ வீட்டைவிட்டே கிளம்பி, எதிரி முகாமிலிருக்கும் நர்சிசாவிடம் போய் நிற்கிறான். கட்டளையை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றியாயிற்று. எசமானின் உயிருக்கும் உலை வைத்தாயிற்று. 2003இல் வந்த ஐந்தாம் பாகத்தின் முடிவே இந்த ஓட்டை வழியாக நுழைந்ததுதான்.

விடுதலையான எல்ஃப் டாபி சம்பளத்தைக் குறைத்துக் கேட்டதை நண்பர் பெரிய சாட்சியாகக் காட்டுகிறார். வாரம் 10 கேலியன் தங்கக்காசு தருகிறேன் என்ற பள்ளித் தலைமையாசிரியர் டம்பிள்டோரிடம் 1 போதும் என்றது உண்மை. அந்த ஒன்றை அவன் விடவில்லையே!

1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர், அடிமைகள் தப்பியோடுவதற்கு 'ட்ராபெட்டோமேனியா' என்று ஒரு நோயையே கண்டுபிடித்தார். வேலையில் சுணங்குவதும் பொருள்களைப் பாழாக்குவதும் அவருக்கு இன்னொரு நோய். நண்பர் எல்ஃப்களின் கதையை வாசித்ததும் அதே நாற்காலியில் உட்கார்ந்துதான்.

ஹாரியின் தோழி ஹெர்மயனி மேல் எனக்கும் கோபம் உண்டு. எல்ஃப்களை ஒரு வார்த்தை கேட்காமல் அவர்கள் விடுதலைக்காகச் சங்கம் தொடங்கி, எடுத்தால் விடுதலை என்று தொப்பிகளைக் குப்பைக்கடியில் ஒளித்துவைத்தாள். அவர்கள் அவள் தங்கும் கிரிஃபிண்டார் விடுதிப் பக்கமே சுத்தம் செய்ய வர மறுத்துவிட்டார்கள். டாபி மட்டும் போனான். விடுதலைக்கு எதிராகத்தான் மறுத்தார்கள், சரி. ஆனால் வேலைநிறுத்தம் தெரியாதவர்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள்.