நினைவகம் நிறைந்தால் குற்றமா?

வீட்டுக் கணினி மந்தமாக இயங்கத் தொடங்கியதும், "நினைவகம் போதாது, புதுக் கணினி வாங்குங்கள்" என ஆலோசனை கூறுவோர் பலர். மாதச் சம்பளத்தைக் கொண்டு பிள்ளைகளின் படிப்பையும் கவனிக்கும் குடும்பத்துக்கு இஃது இலகுவான செலவன்று. ஆதலின், காசைச் செலவிடுமுன் காரணத்தை ஆராய்தல் நன்று.

நினைவகத்தை நாம் எழுதும் மேசைக்கும், வன்தட்டை அறையின் மூலையிலுள்ள அலுமாரிக்கும் ஒப்பிடலாம். மேசையில் இடம் முடிந்தால், கணினி சிலவற்றை அலுமாரிக்கு அனுப்பும். வேண்டும்போது மீண்டும் எடுத்துவரும். இந்தப் போக்குவரத்தே மந்தத்தை உண்டாக்குகின்றது. சுழலும் தட்டையுடைய பழைய வன்தட்டாயின் தாமதம் பன்மடங்காகும்.

ஆயினும், மேசை நிறைந்திருப்பது மாத்திரம் குற்றமாகாது. 2007 இல் வெளிவந்த விண்டோஸ் விஸ்டா முதலாக, நாம் அடிக்கடி பாவிக்கும் செய்நிரல்களை முன்கூட்டியே நினைவகத்தில் எடுத்துவைக்கும் ஏற்பாடு உண்டு. வேறொரு வேலைக்கு இடம் தேவைப்படின், அவ்விடம் உடனே விட்டுக்கொடுக்கப்படும்.

உண்மை நிலையை அறிய, கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்துக. தோன்றும் பட்டியலில் 'மெமரி' என்னும் தலைப்பைச் சொடுக்கினால், மிகுதியான இடத்தைப் பிடித்துள்ள செய்நிரல் முதலில் வந்து நிற்கும். பெரும்பாலும் அஃது இணைய உலாவியாகவே இருக்கும். 2008 இல் குரோம் உலாவி வந்தபின், திறந்த பக்கங்களைத் தனித்தனியே இயக்கும் முறை பரவியது. ஒரு பக்கம் பழுதுற்றாலும் ஏனையவை தப்பும். அதற்கு விலையாகக் கூடுதல் இடம் செலவாகும். முப்பது பக்கங்களைத் திறந்து வைத்துவிட்டுக் கணினியை நொந்து பயனில்லை.

தொகையின் அளவைவிட அதன் போக்கே முக்கியமானது. காலையிலும் மதியத்திலும் மாலையிலும் அதனைக் குறித்து வையுங்கள். வேலை எதுவும் கூடாதிருக்க, ஒரு செய்நிரலின் பங்கு மட்டும் ஏறிக்கொண்டே போய் இறங்காதிருப்பின், அது பெற்ற இடத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்பது பொருள். இதனை நினைவகக் கசிவு என்பர். அச்செய்நிரலின் புதிய பதிப்பை இடுதல் வேண்டும். அதனாலும் தீராவிடின் அதனை நீக்குதல் வேண்டும். உலாவியாயின், அதனோடு சேர்த்த நீட்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கலாம்.

சில வேளைகளில் பட்டியலிலுள்ள எல்லாவற்றையும் கூட்டினாலும் மொத்தத் தொகை வராது. அப்பொழுது 'பெர்போமன்ஸ்' பக்கத்தில் 'நொன்பேஜ்ட் பூல்' என்னும் எண்ணைப் பாருங்கள். அது சில கிகாபைற்றுகளாக வளர்ந்திருப்பின், வலையமைப்பு அட்டை போன்ற ஏதேனும் ஒரு சாதனத்தின் செலுத்தி மென்பொருளை ஐயுறலாம். இங்கே பலர் அறியாத ஒன்றுண்டு. 2012 இல் வந்த விண்டோஸ் 8 முதலாக உள்ள விரைவுத் தொடக்க முறையில், கணினியை நிறுத்தும்போது இயங்குதளத்தின் உட்பகுதி வன்தட்டில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அப்படியே திரும்பி வருகின்றது. ஆகவே, இரவுதோறும் நிறுத்தினாலும் இக்கசிவு தீராதிருக்கலாம். 'ரீஸ்டார்ட்' கொடுத்தாற்றான் அது துடைக்கப்படும். பின்னர், அச்செலுத்தியின் புதிய பதிப்பை இடுதல் வேண்டும்.

இவையனைத்தையும் பார்த்த பின்பும் அன்றாட வேலைக்கே இடம் போதாதாயின், நினைவகத்தைக் கூட்டுவது நியாயமே. விண்டோஸ் 11 கேட்கும் ஆகக்குறைந்த அளவே 4 கிகாபைற்று. அதனோடு உலாவியும் இணையவழி வகுப்பும் சேர்ந்தால் நெருக்கடிதான். ஆயினும் சில மடிக்கணினிகளில் நினைவகம் பலகையோடு ஒட்டப்பட்டிருக்கும். அவற்றில் கூட்ட இயலாது. மேலதிக நினைவகம் பொருத்த இடமுண்டா என்று விசாரித்த பின்பே கடைக்குச் செல்லுங்கள். இடமிருப்பின், புதுக் கணினியின் விலையில் ஒரு சிறு பங்கோடு காரியம் முடியும். எஞ்சிய பணம் பிள்ளைகளின் புத்தகத்துக்கு உதவும்.