பருவுக்கு மருந்து கேட்டால் வெள்ளைக் கிறீம் எதற்கு?

உயர்தர வகுப்பில் சேர்ந்த புதிதில் என் நெற்றியும் தாடையும் முகப்பருவால் நிறைந்துவிட்டன. வீட்டுக்கு வந்த உறவினர்கள் ஸலாம் சொன்ன கையோடு கேட்டது அதைத்தான். "என்ன மகள், மொகம் இப்பிடி?" என்ன பாடம் படிக்கிறாய் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வரும். ஒருவர் தேசிக்காய்ச் சாறு பூசச் சொன்னார். இன்னொருவர் பற்பசை என்றார். மூத்தம்மா மாம்பழத்தையும் கச்சானையும் நிறுத்தச் சொன்னார். ஒரு மாம்பழக் காலம் முழுவதும் ஒரு துண்டைக்கூடத் தொடாமல் இருந்தேன். பரு அப்படியே இருந்தது. மாம்பழம் போனதுதான் மிச்சம்.

கடைசியில் சாச்சி ஒரு சின்னச் சிமிழ் கொண்டுவந்து தந்தார். பென்சிக் கடையில் வாங்கியதாம். மூடியில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். "பத்து நாளையில வெள்ளையாகிருவாய் பாரு" என்றார். நான் கேட்டது பருவுக்கு மருந்து. அவர் சொன்னது நிறத்தைப் பற்றி. இரண்டும் வேறு வேறு என்பது அப்போது எனக்கும் உறைக்கவில்லை.

ஐந்தாறு நாட்களில் பருக்கள் அமுங்கின. இரண்டு வாரத்தில் முகம் வெளுத்தது. பார்த்தவர்கள் எல்லாரும் "நிறம் வந்திருக்கு" என்றார்கள். பரு குறைந்திருக்கிறது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஆறாவது வாரம் சிமிழ் முடிந்தது; கடையிலும் அது இருக்கவில்லை. அடுத்த சில நாட்களில் முகம் சிவந்து எரியத் தொடங்கியது. வுழூச் செய்யும்போது பச்சைத் தண்ணீர் பட்டாலே சுள்ளென்றது. முன்பு பருவே வராத கன்னங்களிலும் சின்னச் சின்னதாகக் கிளம்பின. முகக்கவசம் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனேன். ரியூசனுக்குப் போவதையே இரண்டு வாரம் நிறுத்திவிட்டேன். உயிரியல் பாடத்தில் விட்ட அந்த அலகை இன்னும் முழுதாகப் பிடிக்க முடியவில்லை.

உம்மா என்னை அரசாங்க வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனார். வெளிநோயாளர் பிரிவில் கடிதம் எடுத்து, தோல் கிளினிக்கில் வரிசையில் இருந்தோம். டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன பூசினீங்க?" சிமிழை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன சேர்த்திருக்கிறார்கள், எங்கே செய்தார்கள், எப்போது காலாவதியாகும் என்று எதுவும் அதில் எழுதியிருக்கவில்லை. ஸ்டீரொயிட் கலந்த கிறீம் பூசி நிறுத்தியவர்களின் முகம் இப்படித்தான் வரும் என்றார். வரிசையில் எனக்கு முன்னால் இருந்த பெண்ணின் கைப்பையிலும் ஒரு சிமிழ் இருந்தது. அவர் அதை யாருக்கும் தெரியாமல் மூடிமூடி வைத்திருந்ததைப் பார்த்தபோதுதான் இதைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஸ்டீரொயிட் கெட்ட மருந்து அல்ல. தோலில் வரும் பல நோய்களுக்கு வைத்தியர்களே அதைத் தருகிறார்கள், இத்தனை நாள் என்று கணக்குச் சொல்லி. அது வீக்கத்தையும் சிவப்பையும் உடனே அடக்கும். அதனால்தான் ஐந்தாம் நாள் எனக்கு அதிசயமாகத் தெரிந்தது. வாரக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலியும், நுண்ணிய இரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், அந்த மருந்தே புதிதாகப் பருவை உண்டாக்கும். நிறுத்தினால் எரியும், எரிகிறதே என்று மறுபடி பூசுவோம். சில வெள்ளையாக்கும் கிறீம்களில் இன்னொரு நஞ்சும் சேர்க்கப்படுகிறது: இரசம். மெலனின் உருவாவதை அது தடுப்பதால் நிறம் குறைகிறது. தோலினூடாக உள்ளே போய் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. பூசியவரின் துவாயிலிருந்து வீட்டுக் குழந்தைகளுக்கும் அது சேரலாம். இரசம் கலந்த இத்தகைய அழகுசாதனங்களின் உற்பத்தியையும் வியாபாரத்தையும் 2020க்குள் நிறுத்துவதாக மினமாட்டா உடன்படிக்கையில் நாடுகள் ஒப்புக்கொண்டன. இலங்கையும் அதில் ஒரு தரப்பு.

பரு என்பது அழுக்கும் அல்ல, நிறக்குறையும் அல்ல. எங்கள் வயதில் ஓமோன்கள் நெய்ச்சுரப்பிகளைத் தூண்டுகின்றன. எண்ணெய் கூடுகிறது. இறந்த கலங்கள் அந்த எண்ணெயோடு சேர்ந்து மயிர்ப்புடைப்பின் வாயை அடைக்கின்றன. உள்ளே பக்றீரியா பெருகி அழற்சி உண்டாகிறது. மூக்கில் தெரியும் கரும்புள்ளிகூட ஊத்தை அல்ல. அடைத்திருப்பது காற்றுப் பட்டுக் கறுத்திருக்கிறது, அவ்வளவுதான். வெள்ளையான பெண்ணுக்கும் இது வரும், கறுப்பான பெண்ணுக்கும் வரும். அப்படியிருக்க, பருவுக்கென்று கேட்டுப் போகும் பிள்ளையின் கையில் ஏன் வெள்ளையாக்கும் கிறீமை வைக்கிறோம்? எங்கள் கண்ணில் முதலில் படும் குறை நிறம்தான் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை. சாச்சியில் எனக்குக் கோபம் இல்லை. அவரும் அதையேதான் பூசுகிறார். அவர் கலியாணப் பெண்ணாக இருந்தபோது அவருக்கும் யாரோ ஒரு சிமிழைக் கொடுத்திருப்பார்கள்.

இப்போது நான் தினமும் செய்வது மிகக் கொஞ்சம். முகம் ஆறும்வரை மருந்து எதுவும் தராமல் வைத்திருந்த டொக்டர், பிறகுதான் ஒவ்வொன்றாகத் தொடங்கினார். காலையிலும் இரவிலும் மென்மையான ஃபேஸ் வாஷால் கழுவுகிறேன், இரண்டு தடவைதான். "அஞ்சு நேரம் வுழூச் செய்றோம், பிறகும் ஏன் பரு?" என்று வகுப்பில் ஒருத்தி கேட்டாள். வெறும் தண்ணீர் எண்ணெயை எடுக்காது. அதற்காக ஐந்து நேரமும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தால் தோல் காய்ந்து புண்ணாகும். வுழூவுக்குத் தண்ணீர் போதும், துவாயால் அழுத்தித் துடைக்காமல் ஒற்றிக்கொண்டால் நல்லது. எண்ணெய்த் தோலுக்கும் பாரமில்லாத ஈரப்பதக் கிறீம் தேவை என்று டொக்டர் சொன்னதை உம்மா முதலில் நம்பவில்லை. பகலில் வெயில் தடுப்புக் கிறீம், எஸ்பிஎஃப் 30. பருவின் அடையாளங்கள் வெயிலில்தான் இன்னும் கறுக்கும்.

மருந்து இரவில், இஷாத் தொழுகைக்குப் பிறகு. அடப்பலீன், ஒரு பட்டாணி அளவு, முகம் முழுவதற்கும். இதைக் கேட்டு நீங்களாக வாங்கிப் பூசாதீர்கள். யாருக்கு எது என்று வைத்தியர்தான் சொல்ல வேண்டும், கர்ப்பிணிகளுக்கு இது கூடாது. இஷாவுக்குப் பிறகு என்பது என்னுடைய ஏற்பாடு. சுபஹு வரை முகத்தில் தண்ணீர் படாது. தோழி ஒருத்திக்குத் தந்தது பென்சொயில் பெரொட்சைட்டு. அது நிறத் துணியை வெளுக்கச் செய்யும். அவளுடைய மெரூன் தலையணை உறையில் இப்போது வெள்ளை வெள்ளையாக மேகங்கள் இருக்கின்றன. பாடசாலைப் பர்தா வெள்ளையாக இருப்பதில் அவளுக்கு முதல் தடவையாகச் சந்தோசம்.

இன்னும் இரண்டு விசயம். பள்ளிக்கூடம் போகுமுன் தலையில் தேங்காய் எண்ணெயைத் தாராளமாக வைத்துப் பின்னி, அதன் மேல் பர்தாவை இறுக்குகிறோம். எண்ணெய் வியர்வையோடு நெற்றிக்கு இறங்குகிறது. எண்ணெயைக் குறைத்து, உள் தொப்பியைத் தினமும் கழுவத் தொடங்கியதும் நெற்றி ஓரப் பருக்கள் குறைந்தன. தேசிக்காய் வேண்டவே வேண்டாம். அந்தச் சாறு பட்ட தோல் வெயிலில் வெந்து கறுத்துப்போகும்.

பெற்றோர்களிடம் ஒன்று கேட்கலாம் என்று நினைக்கிறேன். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அயலாரிடம் மருந்து வாங்கிக் கொடுப்பீர்களா? பருவுக்கு மட்டும் அப்படிச் செய்கிறோம். "வயசுக் கோளாறு, கலியாணம் முடிச்சாச் சரியாகும்" என்று விட்டுவிடவும் செய்கிறோம். ஆழமான பரு வடுவாக நிற்கும். வடுவை ஆற்றுவது பருவை ஆற்றுவதைவிடக் கஷ்டம். அரசாங்க கிளினிக்கில் டொக்டரைப் பார்க்கக் காசு இல்லை, ஒரு நாள் காலையைக் கொடுத்தால் போதும். பொறுமையும் வேண்டும். ஐந்தாம் நாளில் அதிசயம் காட்டும் மருந்தை இனி நான் நம்ப மாட்டேன். சரியான மருந்துக்கு இரண்டு மூன்று மாதம் எடுக்கும்; முதல் வாரங்களில் தோல் உரியும், சிலருக்குப் பரு கொஞ்சம் கூடவும் செய்யும். அந்த நாட்களில்தான் வீட்டில் ஒருவராவது பிள்ளையின் பக்கம் நிற்க வேண்டும்.

பெருநாளுக்குச் சாச்சி வந்திருந்தார். என் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இன்னும் போகல்லியே மகள்!"

நான் வாயைத் திறப்பதற்குள் உம்மா வட்டிலப்பத் தட்டை அவர் கையில் வைத்தார். "மூணு மாசம் செல்லும் எண்டு டொக்டர் சொன்ன. இப்பதான் ரெண்டு. நீ இதத் தின்னு."