பாசம் படுக்கைப்புண்ணை ஆற்றாது

அக்டோபர் 1 முதியோர் தினம் வந்துவிட்டால் தொலைக்காட்சிப் பட்டிமன்றங்களுக்குத் தலைப்புப் பஞ்சமே இல்லை. முதியோர் இல்லங்கள் பெருகக் காரணம் மகனா, மருமகளா? கடைசியில் நடுவர் தழுதழுத்த குரலில், "பெத்தவங்களைப் பார்த்துக்கப் பயிற்சியா வேணும்? பாசம் இருந்தா போதும்" என்று தீர்ப்புச் சொல்வார். அரங்கம் அதிரும். கைதட்டுகிறவர்களில் எத்தனை பேருக்குப் படுத்த படுக்கையாகக் கிடப்பவரை ஒருக்களித்துப் படுக்கவைக்கத் தெரியும் என்று கேட்டால் அதிர்வு அடங்கிவிடும். அதனால்தான் கேட்பதில்லை. நம் ஊரில் மிகச் சுலபமாகக் கைதட்டு வாங்கித் தரும் பொய் இது. முதியவர்கள் உடம்பால் விலை கொடுக்கிற பொய்யும் இதுதான்.

படுக்கைப்புண்ணை எடுத்துக்கொள்வோம். அசையாமல் கிடப்பவரின் வாலெலும்பு, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களில் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை நசுங்கி ரத்த ஓட்டம் தடைப்படுகிறது. சில மணி நேரம் போதும். முதலில் தோல் சிவக்கும். கறுத்த தோலில் அந்தச் சிவப்பும் தெரியாது, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும், அவ்வளவுதான். பாசம் இதைக் கண்டுபிடிக்குமா? கண்டுபிடித்தால் இன்னும் ஆபத்து. தேங்காய் எண்ணெயை ஊற்றி அந்த இடத்திலேயே அழுத்தித் தேய்க்கும். நைந்த சதை மேலும் நையும். அக்குளில் கைகொடுத்துத் தலைமாட்டுப் பக்கம் இழுக்கும். விரிப்பில் உரசித் தோல் வழன்று போகும். செய்ய வேண்டியது வேறு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது பக்கம் மாற்ற வேண்டும். இடுப்புக்கு அடியில் குறுக்கே போட்ட துணியோடு சேர்த்து இருவராகத் தூக்கி நகர்த்த வேண்டும். குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைக்க வேண்டும். இவையெல்லாம் தொப்புள்கொடி வழியாக வந்துசேரும் அறிவு அல்ல. ஒரு மதியப் பொழுதில் கற்றுத்தந்துவிடலாம். ஆனால் டிஸ்சார்ஜ் அன்று பெரும்பாலான குடும்பங்களின் கையில் கிடைப்பது மருந்துச்சீட்டும் பில்லும்தான்.

"நம் பாட்டிமார் எந்த வகுப்புக்குப் போனார்கள்?" என்பது அடுத்த அஸ்திரம். போகவில்லைதான். அன்றைக்குக் கடுமையான பக்கவாதம் வந்தவர் பெரும்பாலும் நாள்கணக்கிலோ வாரக்கணக்கிலோ போய்ச்சேர்ந்தார். பார்த்துக்கொள்ள வீடு நிறைய ஆளும் இருந்தது. இன்று மூக்கு வழியாக உணவு செலுத்தும் ரைல்ஸ் டியூபும், சிறுநீர் வடிக்கும் கதீட்டரும், ஆன்டிபயாடிக்கும் ஒருவரை ஆண்டுக்கணக்கில் காப்பாற்றி வைக்கின்றன. பார்த்துக்கொள்ளத்தான் ஒரே ஆள். 2011 கணக்கெடுப்பில் தமிழகத்தில் 60 வயதைக் கடந்தவர்கள் சுமார் 10 சதவீதம். 2031இல் அது 18 சதவீதத்தைத் தாண்டும் என்கிறது அரசின் மதிப்பீடு. மல்லாந்து கிடப்பவருக்கு டியூபில் கஞ்சி ஊற்றினால் அது மூச்சுக்குழலில் ஏறி நிமோனியாவில் முடியலாம் என்பது எந்தப் பாட்டி வைத்தியத்தில் இருக்கிறது? பாட்டியை இழுப்பவர்கள் படுக்கைப்புண்ணுக்கு மட்டும் பதில் சொல்ல மாட்டார்கள்.

இந்தப் பாசம் யாருடைய பாசம் என்பதையும் கேட்டாக வேண்டும். மேடையில் அது மகனுடையது. நள்ளிரவில் டயப்பர் மாற்றும்போது மருமகளுடையது. அவள் இடுப்புவலிக்கும் தூக்கமின்மைக்கும் எந்தக் கணக்கிலும் இடமில்லை. முகம் சுளித்தால் 'பாசமில்லாதவள்'. 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் வாங்கித்தரும், கைவிட்டவரை மூன்று மாதம் வரை உள்ளே தள்ளும். கைவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு அதில் என்ன இருக்கிறது? மத்திய அரசுப் பெண் ஊழியருக்குக் குழந்தை வளர்ப்பு விடுப்பு 730 நாள் உண்டு, நல்லது. பெற்றோரைப் பார்க்கத் தனி விடுப்பு? பாசம்தான் இருக்கிறதே! சரி, காசு கொடுத்து ஆள் வைக்கலாம் என்றால், ஏஜென்சி அனுப்பும் 'ஹோம் நர்ஸ்' பல வேளை எந்த நர்சிங் பள்ளியின் வாசலையும் மிதிக்காத பெண். நேற்று வீட்டுவேலை, இன்று வெள்ளைக் கோட்டு. அவளைக் குறைசொல்லிப் பயனில்லை. அவளுக்கும் யாரும் கற்றுத்தரவில்லை.

பயிற்சி கொடுத்தால் பாசம் வேலையாகிவிடும் என்று அங்கலாய்ப்பவர்களும் உண்டு. ஜெர்மனியில் 1995 முதல் நடைமுறையில் உள்ள பராமரிப்புக் காப்பீட்டில், வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கு இலவச வகுப்பு உண்டு. அங்கே அம்மாவின் முதுகுப்புண்ணுக்கு எண்ணெய் தேய்ப்பதில்லை என்பதால் பிள்ளைகள் கல்நெஞ்சர்கள் ஆகிவிட்டார்களா? அவ்வளவு தூரம் போவானேன்? கேரளத்தில் 2008இல் வந்த அரசின் வலிதணிப்புப் பராமரிப்புக் கொள்கைக்குப் பிறகு பஞ்சாயத்துகள் மூலம் செவிலியர்களும் பயிற்சிபெற்ற தன்னார்வலர்களும் படுக்கையில் கிடப்பவர் வீடுகளுக்குப் போய்வருகிறார்கள். நம்மிடமும் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் செவிலியரையும் பிசியோதெரபிஸ்டையும் வீட்டுக்கே அனுப்புகிறது. கதவு தட்டும் ஆள் தயார். அவர் புண்ணுக்குக் கட்டுப்போடுவதோடு நில்லாமல், வீட்டிலுள்ளவர் கையால் நோயாளியைத் திருப்பவைத்து, சரியா என்று பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். மருத்துவமனைகளும் அப்படியே: செவிலியர் கண்முன் குடும்பத்தார் ஒருமுறை ஊட்டிக் காட்டி, திருப்பிக் காட்டிய பிறகே டிஸ்சார்ஜில் கையெழுத்து. காட்டுவது மருமகள் மட்டுமாக இருக்கக் கூடாது. பில்லைக் கட்டிவிட்டு வாசலில் போன் பேசிக்கொண்டிருக்கும் மகனையும் உள்ளே கூப்பிடுங்கள்.