ரூட்டர் ஓய்ந்தால்…



பிள்ளையின் பாடமும், கடல் கடந்து உழைக்கும் தந்தையின் முகமும் இன்று நம் குடிகாட்டு வீடுகளுக்கு வைஃபை ரூட்டர் வழியாக வந்து சேருகின்றன. அது ஓய்ந்தவுடன் கடைக்கு ஓட வேண்டாம். அடாப்டர் மட்டும் பழுதுற்றிருக்கலாம். அதே வோல்ட்டும் குறையாத ஆம்பியரும் உள்ள வேறொன்றைப் பொருத்திப் பார்த்தால் பெருஞ்செலவு மிச்சமாகும்.

புதியது வாங்கியே ஆகவேண்டுமெனில், ஆண்டெனாக்களின் எண்ணிக்கை கண்டு மயங்காதீர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை வேகத்திற் குறைந்ததாயினும் சுவர் கடந்து தொலைவு செல்லும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவுடையது. ஆனால் கான்கிரீட் சுவர் கண்டால் தளரும். ஆதலின் இரண்டும் உடைய கருவியே ஏற்றது. நாம் கட்டணம் செலுத்துவது 50 எம்.பி.பி.எஸ். வேகத்திற்கே எனில், 3000 என்று அட்டையில் அச்சிட்ட கருவியும் இணையத்தை அதற்குமேல் விரைவுபடுத்தாது. ஃபைபர் இணைப்புடையோர், கருவி பொருந்துமா என நிறுவனத்தாரிடம் முன்னரே கேட்டறிக. 2018-இல் அறிவிக்கப்பட்ட டபிள்யூ.பி.ஏ.3 பாதுகாப்பு உண்டா எனவும் நோக்குக.

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் தாக்கிய கடலூர்க் கரை நமது. மின்தடை நமக்குப் புதிதன்று. எனவே ரூட்டருக்கெனச் சிறு யு.பி.எஸ். வாங்குவது வீண்செலவாகாது. கருவியை மூலையில் மறைக்காமல், வீட்டின் நடுவே உயரத்தில் வையுங்கள். அதனுடன் வரும் கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். பழையதைப் பிறருக்குக் கொடுக்குமுன், ரீசெட் பொத்தானை அழுத்தி அதிலுள்ள நம் விவரங்களை அழித்துவிடுங்கள்.

விலையுயர்ந்ததையன்று, வீட்டிற்கு ஏற்றதைத் தேர்வதே இல்லறத்தாரின் விவேகம்.