உயரத்தில் வைத்த பொருள் யாருடைய பொறுப்பு?



கடந்த சோளகக் காற்றுக் காலத்தில் முள்ளியவளைப் பக்கம் உறவினர் ஒருவரின் வீட்டு வேலையைப் பார்க்கப் போயிருந்தேன். பத்தடிச் சுவரின் மேல் ஓடாவியார் மரம் பொருத்திக் கொண்டிருந்தார். வீட்டின் சின்ன மகள் பிளேன்ரீத் தட்டோடு சுவரோரமாக வந்தாள். மேலே பலகையில் கிடந்த சுத்தியல் வழுக்கி, அவளுக்கு ஒரு முழம் தள்ளி மண்ணில் புதைந்தது. "அல்ஹம்துலில்லாஹ், பிள்ளைக்கு ஆயுள் கெட்டி" என்றோம். தேநீரைக் குடித்தோம். சற்று நேரத்தில் பார்த்தால் சுத்தியல் மறுபடியும் அதே பலகையின் ஓரத்தில் கிடக்கிறது! அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது.

பத்தடியிலிருந்து விழும் பொருள் தரையைத் தொட ஒரு விநாடிகூட ஆகாது. தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீற்றர். "கவனம்!" என்று மேலிருந்து கத்தினால், கீழே நிற்பவர் விலகுவதில்லை, அண்ணாந்து பார்க்கிறார். தலையில் விழ இருந்தது முகத்தில் விழுகிறது.

1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட நமது குடும்பங்கள் பல, 2009இல் யுத்தம் முடிந்த பின்னர் முல்லைத்தீவுக்கும் கிளிநொச்சிக்கும் திரும்பி, வெறும் வளவுகளில் மீண்டும் அத்திவாரம் வெட்டின. வன்னியில் பல வீடுகள் எழக் காரணமான இந்திய வீட்டுத்திட்டத்தில், 550,000 ரூபா கட்டங்கட்டமாக வீட்டுக்காரரிடமே கொடுக்கப்பட்டது. மேசனைப் பிடிப்பதும் சாமான் எடுப்பதும் அவர் பாடு. எத்தனையோ வளவுகளில் அந்த வீட்டுக்காரர் ஒரு பெண்தான். பெரிய கட்டடங்களில் மேற்பார்வைக்கு ஆள் உண்டு. நமது வளவில் அந்த ஆள் நீங்கள்தான், சகோதரியே!

அம்புடன் பள்ளிவாசலிலோ சந்தையிலோ நடப்பவர், பிறருக்குக் காயம் படாதவாறு அதன் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று றஸூலுல்லாஹி (ஸல்) அவர்கள் பணித்ததை புகாரியும் முஸ்லிமும் அறிவிக்கின்றன. அம்பு யார் கையிலோ, கவனமும் அவர் மீதே கடமை. இமாம் நவவி அவர்களின் 'மின்ஹாஜ்' கூரைப் பீலியைத் தெருப்பக்கம் நீட்டுவதை ஆகுமாக்குகிறது. ஆனால் அதனால் சேதம் நேர்ந்தால் ஈடு கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அனுமதி இருப்பதால் பொறுப்பு நீங்கிவிடாது. அப்படியிருக்க, ஓரத்தில் கிடந்த சுத்தியலுக்கு "கத்ர்" என்று பெயர் சூட்டி நாம் தப்பிக்கொள்ளலாமா?

செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, பொருளை விழவிடாதிருத்தல். ஆயுதங்கள் வாளியில் இருக்கட்டும். கையில் எடுப்பதை ஒரு கயிற்றால் இடுப்பிலோ மரத்திலோ கட்டிக்கொள்ளட்டும். சாரப் பலகையின் விளிம்பில் ஆறங்குலப் பலகை ஒன்றை நிறுத்தி ஆணி அடித்தால் உருண்டு வரும் கல் அங்கேயே நிற்கும். ஓட்டையும் கல்லையும் எறிந்து பிடிக்க வேண்டாம். கயிற்றில் ஏற்றி இறக்குங்கள். சோளகம் வீசும் நாளில் கட்டாத தகரம் மேலே இருக்கலாகாது. மாலையில் வேலை முடிந்ததும் மேலே என்ன கிடக்கிறது என்று கேளுங்கள்.

இரண்டாவது, அடியில் ஆளில்லாதிருத்தல். சுவரைச் சுற்றி ஆறடி தள்ளிக் கயிறு கட்டி, பழைய துணிகளைத் தொங்கவிடுங்கள். தேநீரை மரநிழலில் வைத்து, மேசன்மாரை இறங்கி வரச் சொல்லுங்கள்.

மூன்றாவதுதான் தலைக்கவசம். அமெரிக்காவில் 1933இல் வேலை தொடங்கிய கோல்டன் கேட் பாலத்தில் அதைக் கட்டாயமாக்கினார்கள். கட்டாரில் வேலை செய்யும் நமது பிள்ளைகளும் அது இல்லாமல் வேலைத்தளத்துக்குள் கால் வைப்பதில்லை. அதே பிள்ளை விடுமுறையில் வந்து, சொந்த வீட்டுச் சுவரடியில் வெறுந்தலையோடு நிற்கிறான்! ஆனால் கவசம் தலையைத்தான் காக்கும். தோளையும் பாதத்தையும் காக்காது. முதல் இரண்டையும் செய்தவருக்கே மூன்றாவது முழுப் பயன் தரும்.

அப்படியும் தலையில் அடிபட்டால், "எழும்பி நடக்கிறார்தானே" என்று இருந்துவிடாதீர்கள். வாந்தி, மயக்கம், தூக்கக் கலக்கம், தடுமாறும் பேச்சு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். உள்ளே இரத்தம் கசிவது வெளியே தெரியாது.

அன்று நான் ஓடாவியாரிடம் ஒரு முழக் கயிறு கொடுத்தேன். சிரித்தார், ஆனாலும் கட்டிக்கொண்டார். புது வீட்டுக்கு பரக்கத் வேண்டி துஆச் செய்யும் நாம், அதைக் கட்டும் கைகளுக்கும் அடியில் ஓடும் பிள்ளைகளுக்கும் ஒரு முழக் கயிற்றையாவது செலவழிப்போம்.