விளையாட்டு வேளை பிள்ளைகளின் உரிமை

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் நாம் என்னென்ன கேட்கிறோம்? புத்தகம் வந்ததா, சீருடை கிடைத்ததா, காலியாக இருந்த ஆசிரியர் இடம் நிரம்பியதா என்று கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். ஆனால், "வாரத்தில் எத்தனை நாள் என் பிள்ளையை ஓடியாட விடுகிறீர்கள்?" என்று நம்மில் எவரேனும் தலைமையாசிரியரிடம் கேட்டதுண்டா? கேளாத பொருள் கிடைப்பதில்லை. இதுவும் கிடைக்கவில்லை.

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. தமிழும் அவற்றுள் ஒன்று. நம் உழைப்பாளிக் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் இப்பள்ளிகளில்தான் படிக்கின்றனர். கால அட்டவணையைப் பார்த்தால் உடற்பயிற்சிக்கும் இடம் இருக்கும். ஆனால் கணக்குப் பாடம் மிச்சமிருந்தால் அந்த வேளை கணக்குக்குப் போகிறது. தேர்வு நெருங்கினால் தேர்வுக்குப் போகிறது. ஆசிரியர் தேர்தல் பணிக்குச் சென்றால் இரண்டு வகுப்புகள் ஓரறையில் அடைக்கப்பட்டு, "பேசாமல் உட்கார்" என்ற கட்டளையில் கழிகிறது. போதாக்குறைக்கு ஒரே கட்டிடத்தில் பல மொழிப் பள்ளிகள், காலையும் மதியமுமாக இரண்டு ஷிப்ட். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. எல்லாப் பள்ளிகளும் இப்படித்தான் என்று நாம் சொல்லவில்லை. அக்கறையுள்ள ஆசிரியர் இருக்கும் இடத்தில் பிள்ளைகள் விளையாடத்தான் செய்கிறார்கள். ஆனால் ஒரு பிள்ளையின் உடல்நலம், தனக்கு வாய்க்கும் ஆசிரியரின் நல்ல மனத்தைப் பொறுத்ததாக இருக்கலாமா?

சட்டம் என்ன சொல்கிறது? 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பள்ளிக்கு மைதானம் வேண்டும் என்கிறது. விளையாட்டுச் சாமான்கள் வகுப்புதோறும் தேவைக்கேற்ப வேண்டும் என்கிறது. நல்லது. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பவர் யார் என்று தேடினால்தான் சட்டத்தின் ஓட்டை தெரிகிறது. 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் மாணவர் தொகை 100-க்கு மேற்பட்டால் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் ஒருவர் உண்டு. 1 முதல் 5 வரை? ஒருவருமில்லை! எலும்பும் தசையும் வளர்கிற வயதில், ஒரு நாழிகை உட்கார்ந்திருப்பதே தண்டனையாகத் தோன்றுகிற வயதில், பிள்ளைக்கு உடற்கல்வி ஆசிரியர் தேவையில்லை என்று சட்டம் எழுதியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது மூச்சு வாங்க உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. வாரத்துக்கு 420 நிமிடம். பள்ளியிலோ, பறிபோகாமல் இருந்தால்கூட, அரைமணி வேளை இரண்டு என்று வைத்துக்கொண்டால் 60 நிமிடம். அதிலும் வரிசையில் நிற்பதற்கும் முறை வருவதற்கும் போனது போக ஒரு பிள்ளையின் கால் அசைந்த நேரம் எவ்வளவு தேறும்?

மீதியை வீட்டில் ஈடு செய்யலாமே என்பார்கள். எந்த வீட்டில்? பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுத்தெழும் வீட்டிலா? கைவண்டியும் மோட்டார் சைக்கிளும் போக, சாக்கடை ஓரத்தில் எஞ்சிய சந்திலா? வசதியுள்ளவன் மகனுக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் செயற்கைப்புல் ஆடுகளம் இருக்கிறது. கூலிக்காரன் மகனுக்குப் பள்ளி முற்றத்தைத் தவிர வேறு ஆடுகளம் கிடையாது. பெண் பிள்ளையின் நிலையோ இன்னும் மோசம். பள்ளி விட்டு வந்ததும் தண்ணீர்க் குடமும் தம்பி தங்கையும் அவளுக்காகக் காத்திருக்கின்றன. அவள் விளையாடுவதென்றால் பள்ளி நேரத்தில்தான் விளையாட முடியும். அந்த வேளையைப் பறிப்பவர்கள் அவளுடைய குழந்தைப் பருவத்தில் ஒரு பங்கையே பறிக்கிறார்கள்.

இதில் நம் பங்குக் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். "விளையாட்டு சோறு போடுமா?" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஊரை விட்டு வந்ததே பிள்ளை நாலெழுத்துப் படிக்கட்டும் என்றுதானே என்கிறோம். அந்த ஏக்கத்தை நாம் இகழவில்லை. ஆனால் ஓடியாடிய பிள்ளை பசித்து உண்கிறது, அயர்ந்து உறங்குகிறது, அடுத்த பாடத்தில் மனம் ஊன்றி உட்காருகிறது. படிப்புக்கு விளையாட்டு எதிரியன்று, துணை. பாரதியின் பாப்பாப் பாட்டு தொடங்குவதே விளையாட்டில்தான். ஆண்டு விழாவில் அதைப் பாட வைத்துக் கைதட்டுகிற நாம், மறுநாள் பிள்ளையை ஓடாதே என்கிறோம்.

நம் பள்ளிகளில் உடற்பயிற்சி வேறொரு வடிவில் தாராளமாகக் கிடைத்து வந்திருக்கிறது. தோப்புக்கரணம், முழங்காலிடுதல், மைதானத்தை மூன்று சுற்று ஓடுதல்! இவையெல்லாம் தண்டனைகள். உடலை அசைப்பது தண்டனை என்று ஏழு வயதில் கற்றுக்கொண்ட பிள்ளை எழுபது வயது வரை அதை மறப்பதில்லை. வீட்டுப்பாடம் எழுதாதவனுக்கு விளையாட்டு வேளை கிடையாது என்பதும் இதன் மறுபக்கமே. உடல் தண்டனையையும் மனத்துன்பத்தையும் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது என்பதைப் பெற்றோர் நினைவில் வைக்க வேண்டும்.

சரி, செய்ய வேண்டியது என்ன? தொடக்கப்பள்ளிக்குச் சட்டம் விதிக்கும் ஆண்டுக் கணக்கு 200 வேலை நாள், 800 பாட மணி. அதாவது நாளுக்கு நான்கு மணி. அதில் அரைமணி, எட்டில் ஒரு பங்கு, நாள்தோறும் வேண்டும். வாரத்தில் ஒரு நாளைக்கு மொத்தமாக அல்ல. வகுப்பாசிரியர் வருகைப் பதிவு எடுப்பதுபோல் தவறாமல் தினமும். அதற்குக் கோப்பையும் வேண்டாம், பயிற்சி உடுப்பும் வேண்டாம். நம் ஊர் நொண்டியாட்டத்தை மராத்தியர் 'லங்டி' என்கிறார்கள். நம் கிளித்தட்டுக்கு இவர்களிடம் 'ஆட்யா பாட்யா' இருக்கிறது. நம் சடுகுடு கபடியாகி 1990 முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இடம் பெற்றது. மொழி தெரியாத பிள்ளைகளும் கோடு கிழித்த மறுநிமிடமே சேர்ந்து ஆடக்கூடியவை இவை. ஒரே கட்டிடத்தில் தமிழ்ப் பள்ளியும் மராத்திப் பள்ளியும் உருதுப் பள்ளியும் இருப்பதை இடைஞ்சலாகப் பார்ப்பானேன்? அதுவே வாய்ப்பு.

ஆடும் முறையில் மட்டும் கவனம் தேவை. கபடியில் ஒரு நேரத்தில் களத்தில் இருப்பவர் பக்கத்துக்கு ஏழு பேர். நாற்பது பேர் வகுப்பில் மீதி இருபத்தாறு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். தோற்றவன் வெளியே உட்காரும் ஆட்டத்தில் முதலில் உட்காருபவன் யார்? அதிகம் ஓட வேண்டிய, மெலிந்த பிள்ளைதான்! ஆகவே சிறு சிறு குழுக்களாய்ப் பிரித்து, எல்லாக் கால்களும் ஒரே நேரத்தில் அசையும்படி ஆட்டத்தை அமைக்க வேண்டும். மாற்றுத்திறன் பிள்ளைக்கும் அதில் இடம் வேண்டும். மழைக் காலத்தில் தாழ்வாரமும் வகுப்பறையும் இருக்கின்றன. பெஞ்சை ஓரம் தள்ளினால் குதிக்கவும் குனிந்து நிமிரவும் இடம் உண்டு.

வெறும் வயிற்றோடு எவரும் ஓட முடியாது என்பதையும் மறக்கலாகாது. மதிய உணவுத் திட்டம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும் விதித்திருக்கிறது. அது குறையாமல் வருகிறதா என்று பார்ப்பதும் இதே போராட்டத்தின் பகுதிதான். தமிழ்நாட்டு அரசு 2022 செப்டம்பரில் தொடக்கப்பள்ளிகளில் காலை உணவைத் தொடங்கியது. விடியுமுன் வேலைக்கு ஓடும் தாய்மார் நிறைந்த இம்மாநகரில் நாமும் அதைக் கேட்போம்.

நம் கோரிக்கைகள் இவை. 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கும் உடற்கல்வி ஆசிரியரைச் சட்டத்தின் அட்டவணையில் சேர்க்க வேண்டும். அதுவரை வகுப்பாசிரியருக்கு மாநகராட்சி பயிற்சி தர வேண்டும். நாள்தோறும் அரைமணி விளையாட்டைப் பாட நேரமாகவே கணக்கிட வேண்டும். தாராவி மறுசீரமைப்பில் எழும் ஒவ்வொரு பள்ளிக்கும் தரைமட்டத்தில் மண் மைதானம் வேண்டும். மாடியில் கார் நிறுத்துமிடத்துக்கு மேலே ஒரு சிமெண்டுத் தளத்தைக் காட்டி மைதானம் என்று சொல்லக் கூடாது.

இவற்றைக் கேட்க நமக்கு ஓரிடம் உண்டு. மாநகராட்சிப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு உறுப்பினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும் அக்குழுவே. அந்த நாற்காலிகளில் போய் உட்காருவோம். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுத் திரும்பாமல், கால அட்டவணையைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்போம்: "நேற்று இந்த வேளையில் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்?"

மைதானத்தில் என்பது பதிலாக வரும்வரை, மாதந்தோறும் கேட்போம்.