பதக்கத்துக்கு ஒரு பலகை

ஓட்டப் போட்டியில் வாங்கிய பதக்கங்கள் உங்கள் வீட்டில் எங்கே இருக்கின்றன? பெரும்பாலும் இழுப்பறையில், பழைய சார்ஜர் வயர்களோடு பின்னிக் கிடக்கும். விடியுமுன் எழுந்து 21 கிலோமீட்டர் ஓடி வாங்கியது, ஒரே வாரத்தில் கண்ணுக்கு மறைந்துவிடும். ஒரு சனிக்கிழமையை ஒதுக்கினால், அவற்றுக்குச் சுவரில் இடம் கொடுத்துவிடலாம்.

நான் எடுத்துக்கொண்டது ரப்பர் மரப் பலகை. 60 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், 18 மி.மீ. கனம். ஹார்ட்வேர் கடையில் அளவு சொன்னால் அறுத்தே தருவார்கள். பழைய பேலட் கட்டையும் உதவும். ஆனால் அதில் உள்ள முத்திரையைப் பாருங்கள். ‘எச்டி’ என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எடுத்துக்கொள்ளலாம். ‘எம்பி’ என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப்புகை போட்டது, வீட்டுக்குள் வேண்டாம்.

முதலில் 120, பிறகு 240 எண் உப்புத்தாளால் மர வரியின் போக்கிலேயே தேயுங்கள். தூசியைத் துடைத்துவிட்டு, தண்ணீரில் கரையும் வார்னிஷ் இரண்டு பூச்சு. நம் ஊர் ஈரக்காற்றுக்குப் பின்பக்கமும் பூச வேண்டும், இல்லையென்றால் பலகை வளையும். காய்ந்ததும் 7 செ.மீ. இடைவெளியில் எட்டுப் பித்தளைக் கொக்கிகள். திருகுவதற்கு முன் சின்னத் துளை போட்டுக்கொண்டால் மரம் பிளக்காது.

பதக்கம் ஒன்று ஏறக்குறைய 100 கிராம் என்று வைத்தாலும், பதினாறு தொங்கினால் பலகையோடு மூன்று கிலோவை நெருங்கும். இரட்டை ஒட்டு டேப்பை நம்பாதீர்கள். செங்கல் சுவரில் 6 மி.மீ. துளை, பிளாஸ்டிக் பிளக், திருகாணி, இதுதான் சரி. மாட்டுமுன் நாடாக்களைச் சோப்பு நீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். வியர்வை உப்பு தங்கினால் நாற்றமும் கறையும் போகாது. எண் தாளை வெயில் படாத பக்கம் வையுங்கள், மை வெளுத்துவிடும்.

நான் தேய்த்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்து பார்த்தார்.

“இது என்ன மரம்யா?”

“ரப்பர் மரம்மா.”

“பால்மரமா? அதை நாங்க அடுப்புலதான் வெச்சோம்!”

உண்மைதான். சுமார் 25 ஆண்டுகள் பால் தந்தபின் வெட்டப்படும் மரம், அந்நாளில் விறகாகத்தான் போனது. பதப்படுத்தும் முறை வந்தபிறகே மேசை நாற்காலிகளாக மாறி, இன்று மலேசியாவிலிருந்து வெளிநாடுகளுக்கும் போகிறது.

அம்மா தோட்டத்தில் பால் வெட்டியவர். குளிர்ச்சியான நேரத்தில்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே நிரைக்குப் போவார். நான் ஓடுவதற்கு எழும் அதே நேரம். எனக்கு வருடத்தில் நான்கு நாள், அவருக்கு அன்றாடம். “எங்களுக்கு யாரு பதக்கம் குடுத்தா?” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

துணியில் சுற்றி வைத்திருந்த அவருடைய பால் வெட்டும் கத்தியைக் கேட்டு வாங்கினேன். கூர் பக்கத்துக்குத் தோல் உறை போட்டு, நடுக் கொக்கியில் மாட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது அதைப் பற்றித்தான். அம்மா உட்கார்ந்து கதை சொல்கிறார். தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. அந்தக் கதை வேறெங்கும் தொங்கவில்லை.

நீங்களும் பலகை செய்யும்போது எல்லாக் கொக்கிகளையும் உங்கள் பதக்கங்களாலேயே நிரப்பிவிடாதீர்கள். அப்பாவின் பேருந்து ஓட்டுநர் பேட்ஜோ, பாட்டியின் சாவிக்கொத்தோ இருக்கும். ஒவ்வொன்றின் பின்னாலும் ஆண்டையும் பெயரையும் பென்சிலால் எழுதிவிடுங்கள். கேட்டுச் சொல்ல ஆள் இருக்கும்போதே எழுதுங்கள்.